கசிவை மறைத்த இரண்டாவது வால்வு: ஒரு டிரெய்லரின் கழிவுத் தொட்டி பற்றிய நிகழ்வு ஆய்வு

பின்னணி

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் குவார்ட்ஸைட் என்ற சிற்றூரை அடுத்துப் பாலைவனத்தில் அரசு நிலம் பரந்து கிடக்கிறது. நில மேலாண்மைத் துறையின் கீழ் உள்ள லா போசா என்ற நீண்டகாலத் தங்குமிடத்தில், செப்டம்பர் 15 முதல் ஏப்ரல் 15 வரை அனுமதிச் சீட்டு வாங்கிக்கொண்டு வண்டி வீடுகளில் தங்கலாம். குளிர் மிகுந்த வட மாநிலங்களில் இருந்தும் கனடாவில் இருந்தும் ஓய்வு பெற்றவர்கள் பலர் இங்கே வந்து குளிர்காலத்தைக் கழிக்கிறார்கள். நிற்கும் இடத்தில் தண்ணீர்க் குழாயோ சாக்கடை இணைப்போ கிடையாது. பொதுத் தண்ணீர்க் குழாய் ஓரிடத்தில். கழிவை இறக்கும் டம்ப் ஸ்டேஷன் ஓரிடத்தில். கழிப்பறைத் தண்ணீர் மட்டுமல்ல, பாத்திரம் கழுவிய தண்ணீரையும் நிலத்தில் விடக் கூடாது.

இங்கு ஒரு பருவம் முழுவதும் தங்கிய அறுபதைத் தாண்டிய ஒரு தம்பதியின் டிரெய்லரில், அதாவது வண்டியின் பின்னால் கட்டி இழுத்துச் செல்லும் வீட்டில், நடந்தது இது. 27 அடி நீளம், ஒன்பது ஆண்டுப் பழக்கம், இரண்டாம் கையாக வாங்கியது. நவம்பரில் ஒரு குவளைத் தண்ணீராகத் தெரிந்த கோளாறு, ஜனவரியில் கழிப்பறையையே பூட்டி வைக்கும் நிலைக்கு வந்தது. இடையில் எடுத்த ஒரு முடிவு கோளாறைக் கண்ணில் படாமல் செய்துவிட்டது. அந்த முடிவுக்காகவே இந்த நிகழ்வை விரிவாகப் பதிவு செய்கிறோம்.

தொட்டியும் வால்வும்

டிரெய்லரில் கழிவுக்கு இரண்டு தொட்டிகள். கழிப்பறைக்கு நேர் கீழே 32 கேலன், அதாவது ஏறக்குறைய 121 லிட்டர் பிடிக்கும் பிளாக் டேங்க். குளியலறை, சமையல் தொட்டித் தண்ணீருக்குக் கிரே டேங்க். பிளாக் டேங்கில் இருந்து 3 அங்குலக் குழாயும் கிரே டேங்கில் இருந்து ஒன்றரை அங்குலக் குழாயும் வந்து ஒன்றாகச் சேர்ந்து, டிரெய்லரின் பக்கவாட்டில் ஒரே வாயாக வெளியே முடிகின்றன. ஒவ்வொரு குழாயிலும் ஒரு கேட் வால்வு உண்டு. வெளி வாய்க்கு ஒரு பிளாஸ்டிக் மூடி.

கேட் வால்வின் அமைப்பு எளிது. இரண்டு குழாய் விளிம்புகளுக்கு இடையே ஒரு பிளாஸ்டிக் உடல். அதற்குள் மேலும் கீழும் நகரும் ஒரு தகடு. அதைப் பிளேடு என்றே எல்லோரும் சொல்கிறார்கள். பிளேடின் இரு பக்கமும் ரப்பர் சீல்கள். நான்கு போல்ட்கள் இவை எல்லாவற்றையும் சேர்த்து இறுக்கிப் பிடிக்கின்றன. மூடும்போது பிளேடின் விளிம்பு எதிர்ப்பக்கத்துப் பள்ளம் ஒன்றுக்குள் போய் உட்கார வேண்டும். அந்தப் பள்ளத்தில் காகிதத் துணுக்கோ மணலோ தங்கிவிட்டால் பிளேடு சில மில்லிமீட்டர் முன்னமே நின்றுவிடும். அந்த இடைவெளிதான் கசிவு.

இந்த டிரெய்லரில் பிளாக் டேங்கின் வால்வு அடிப்பலகைக்கு மேலே, கைக்கு எட்டாத இடத்தில் இருந்தது. வெளிச் சுவரில் உள்ள கைப்பிடிக்கும் வால்வுக்கும் இடையே ஒரு கேபிள். பிளேடு மேலிருந்து கீழே இறங்கி மூடும்படி வால்வைப் பொருத்தியிருந்ததால், கேபிள் வால்வின் தலையிலிருந்து கிளம்பி உடனே கிடைமட்டமாக வளைய வேண்டியிருந்தது. தொட்டிக்கும் தரைச் சட்டத்துக்கும் இடையே இருந்த இடமோ குறைவு. அந்த வளைவு பின்னால் முக்கியமாகிறது.

நவம்பர்: முதல் சொட்டு

கழிவை இறக்க ஒவ்வொரு முறையும் டிரெய்லரைக் கிளப்பி டம்ப் ஸ்டேஷனுக்கு இழுத்துப் போவது பெரிய வேலை. அதனால் அவர்கள் 22 கேலன் பிடிக்கும் சக்கரத் தொட்டி ஒன்றை வைத்திருந்தார்கள். டிரெய்லரின் வாயில் ஹோஸை மாட்டி, கழிவைச் சக்கரத் தொட்டியில் இறக்கி, அதை மட்டும் வண்டியின் பின்னால் கட்டி மெதுவாக இழுத்துப் போவார்கள். இந்த முறையில் தவறு ஒன்றும் இல்லை. தவறு கணக்கில் இருந்தது. பிளாக் டேங்கில் 30 கேலன் வரை சேர விட்டு, அதை 22 கேலன் தொட்டியில் இறக்கினார்கள். சக்கரத் தொட்டி நிறைந்ததும், கழிவு பாய்ந்துகொண்டிருக்கும்போதே வால்வை அடைத்து, போய்க் கொட்டிவிட்டு வந்து மிச்சத்தை இறக்கினார்கள்.

நவம்பர் நடுவில், ஹோஸை மாட்ட மூடியைக் கழற்றியபோது ஒரு குவளை அளவு தண்ணீர் கீழே விழுந்தது. முந்தைய முறை குழாயில் தங்கிய தண்ணீர் என்று விட்டுவிட்டார்கள். அப்படியும் இருக்கலாம், கழுவி முடித்த பின் குழாயில் கொஞ்சம் தண்ணீர் தங்குவது இயல்புதான். ஆனால் தங்கிய தண்ணீர் தெளிவாக இருக்கும், நாள் கழிந்தாலும் அதன் அளவு கூடாது. நவம்பர் கடைசியில் விழுந்தது ஒரு லிட்டருக்குக் குறையாது. அதில் நீல நிறம் கலந்திருந்தது. நீலம், கழிப்பறையில் ஊற்றும் தொட்டி மருந்தின் நிறம். கசிவது கிரே வால்வா, பிளாக் வால்வா என்ற கேள்விக்கு அங்கேயே விடை இருந்தது.

டிசம்பர்: இரண்டாவது வால்வு

வெளி வாயில் மூடிக்குப் பதிலாகத் திருகி மாட்டும் 3 அங்குல வால்வு ஒன்று கடைகளில் கிடைக்கிறது. கருவி எதுவும் வேண்டாம். வாயில் உள்ள நான்கு காதுகளில் கோத்துத் திருப்பினால் போதும். அதை வாங்கி மாட்டினார்கள். தரையில் ஒரு சொட்டுக்கூட விழவில்லை. பிரச்சினை தீர்ந்தது என்று நினைத்ததில் வியப்பில்லை. சொட்டு மட்டும்தான் அவர்கள் கண்ணுக்குத் தெரிந்தது, அதுவும் நின்றுவிட்டது.

உள்ளே நடந்தது வேறு. 3 அங்குலக் குழாய் ஓர் அடி நீளத்துக்குக் கிட்டத்தட்ட 1.4 லிட்டர் பிடிக்கும். பிளாக் வால்வில் இருந்து வெளி வாய் வரை ஐந்தடி. ஆகவே கசிந்த கழிவு சுமார் 7 லிட்டர் வரை அந்தக் குழாயில் தேங்கி, வாரக் கணக்கில் நின்றது. முன்பு பிளேடின் ஒரு பக்கம் மட்டும் கழிவில் நனைந்திருந்தது. இப்போது இரண்டு பக்கமும். மூடியைத் திறந்து பார்க்கும் பழக்கம் நின்றதால் கசிவு எவ்வளவு வளர்ந்தது என்று அறியவும் வழி இல்லாமல் போனது.

அடுத்த மாற்றம் பழக்கத்தில் வந்தது. வெளி வால்வு இலகுவாக நகர்ந்தது. உள் வால்வுகள் இரண்டும் கொஞ்சம் முரண்டின. அதனால் கிரே வால்வை எப்போதும் திறந்தே வைத்து, வெளி வால்வை மட்டும் திறந்து மூடத் தொடங்கினார்கள். இரு குழாய்களும் ஒன்று சேரும் இடத்தில் பிளாக் டேங்கின் கசிவு நிற்கிறது. கிரே வால்வு திறந்திருக்கிறது. வெளி வாய் அடைத்திருக்கிறது. கழிப்பறைக் கழிவு பின்னோக்கிக் கிரே டேங்கிற்குள் ஏறத் தொடங்கியது. கிறிஸ்துமஸுக்குப் பிறகு குளியலறை வடிகாலில் கழிப்பறை நாற்றம் வந்தது. வடிகால் குழாயின் வளைவில் நின்று நாற்றத்தைத் தடுக்கும் தண்ணீர் வற்றிவிட்டது என்று நினைத்து வடிகாலில் தண்ணீர் ஊற்றினார்கள். பாலைவனக் காற்றில் அது வற்றுவதும் உண்மைதான் என்பதால், அந்த விளக்கம் நம்பும்படியாகவே இருந்தது.

ஜனவரி: கேபிள் கையோடு வந்த நாள்

ஜனவரி இரண்டாம் வாரம் பிளாக் வால்வின் கைப்பிடி மிகவும் இறுகியது. பாதி வெளியே வரும், நின்றுவிடும், மறுபடி தள்ளி இழுத்தால் வரும். மூன்றாம் வாரத்தில் ஒரு காலை, கைப்பிடி இரண்டு அங்குலம் வந்து நின்றது. சுவரில் காலை ஊன்றி இரு கையாலும் இழுத்தபோது, எந்தத் தடையும் இல்லாமல் கைப்பிடியும் கேபிளும் கையோடு வந்துவிட்டன. வால்வு மூடியே இருந்தது.

அளவு காட்டும் விளக்குகள் மூன்றில் இரண்டு பங்கு என்றன. அந்த விளக்குகளை நம்பக் கூடாது. தொட்டிச் சுவரில் உள்ள உணர்முனைகளில் காகிதம் ஒட்டிக்கொண்டால் காலித் தொட்டியும் நிறைந்ததாகக் காட்டும். சில சமயம் நேர்மாறாகவும் காட்டும். கழிப்பறையின் மிதியை அழுத்தித் திறந்து டார்ச் அடித்துப் பார்த்தபோது, கழிவு இறங்கு குழாயின் அடிவாயைத் தொட்டுக்கொண்டிருந்தது. தொட்டி நிறைந்திருந்தது. 120 கிலோவுக்கு மேற்பட்ட கழிவு, வெளியேற வழியின்றி.

அன்று எடுத்த முடிவுகள்

முதல் முடிவு, கழிப்பறையை உடனே நிறுத்துவது. தங்குமிடத்துப் பொதுக் கழிப்பறை நடந்து போகும் தொலைவில் இருந்ததால் அது சாத்தியமாயிற்று. இருக்கையின் மேல் நாடா ஒட்டி வைத்தார்கள். இரவுத் தூக்கத்தில் பழக்கதோஷமாகப் போய் உட்கார்வது எளிது.

இரண்டாவது, நடமாடும் பழுதுபார்ப்பவர் ஒருவரை வரவழைத்தது. அவர் வரும் முன் அக்கம்பக்கத்தவர் நல்ல மனதோடு சொன்ன யோசனைகள் நான்கு. நான்கையும் ஏற்காமல் விட்டது சரி.

அடைப்பைக் கரைக்கும் காரப் பொடியைத் தொட்டியில் போடச் சொன்னார்கள். அது பிளேடை நகர்த்தாது. பின்னர் போல்ட் கழற்றுபவரின் கையிலும் கண்ணிலும் தெறிக்கும். பிளீச் ஊற்றச் சொன்னார்கள். சிறுநீரில் உள்ள அம்மோனியாவோடு பிளீச் சேர்ந்தால் குளோரமீன் வாயு கிளம்பும். டிரெய்லர் போன்ற சிறிய அறையில் அது மூச்சை அடைக்கும். இறங்கு குழாய் வழியே கம்பியை விட்டுப் பிளேடை நெம்பச் சொன்னார்கள். தொட்டி வழியாகக் கம்பி வால்வைச் சென்றடையாது, சென்றடைந்தால் சீலைக் கிழிக்கும். நான்காவது, போல்ட்களைக் கொஞ்சமாகத் தளர்த்திக் கழிவை வாளி வாளியாகப் பிடிப்பது. 120 லிட்டர் அழுத்திக்கொண்டிருக்கும் விளிம்பைத் தளர்த்தியபின் திரும்ப இறுக்க முடியும் என்ற உறுதி இல்லை. சீல் ஒரு முறை நகர்ந்துவிட்டால் மொத்தமும் நிலத்தில்தான்.

தொட்டியை மேலிருந்து காலி செய்தது

கழிவை உறிஞ்சும் லாரிகள் குவார்ட்ஸைட்டில் பருவம் முழுவதும் ஓடுகின்றன. வழக்கமாக வெளி வாயில் குழாயை மாட்டி உறிஞ்சுவார்கள். இங்கே கழிப்பறை வழியாகத்தான் வழி. மிதியை அழுத்தித் திறந்தபடி மரக்கட்டை ஒன்றால் முட்டுக்கொடுத்து, தரையில் தார்ப்பாய் விரித்து, உறிஞ்சும் குழாயை இறங்கு குழாய் வழியே தொட்டியின் அடி வரை இறக்கினார்கள். கழிப்பறையைக் கழற்ற வேண்டியிருக்கவில்லை.

முதல் முறை நீர் வந்தது; கெட்டி தங்கியது. 15 கேலன் தண்ணீர் ஊற்றி, நீண்ட பீச்சுக் குழாயால் தொட்டியின் மூலைகளை அடித்துக் கலக்கி, மறுபடி உறிஞ்சினார்கள். அதையே இன்னொரு முறை. மூன்றாவது முறை வந்த நீர் வெளிறிய பழுப்பாக இருந்தது. அதோடு நிறுத்தினார்கள். எவ்வளவு உறிஞ்சினாலும் குழாயின் முனை எட்டாத தாழ்ந்த மூலையில் சில லிட்டர் தங்கும். அதனால் பழுதுபார்ப்பவர் டிரெய்லரின் முன்பக்க ஜாக்கியைத் திருகி, தொட்டியின் வால்வுப் பக்கம் மேடாகும்படி டிரெய்லரைச் சாய்த்தார். சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்த பிறகே அதைச் செய்தார். தங்கிய நீர் வால்வை விட்டு விலகி எதிர்ப்பக்கம் போய்விட்டது. இந்தச் சாய்வு ஐந்து நிமிட வேலை. அடியில் படுத்திருப்பவரின் முகத்தில் என்ன விழும் என்பதை அதுதான் தீர்மானிக்கிறது.

பிறகு கிரே வால்வை மூடிவிட்டு, வெளி வால்வைத் திறந்து குழாயில் நின்றதைச் சக்கரத் தொட்டியில் இறக்கினார். எதிர்பார்த்தபடி ஏறக்குறைய 7 லிட்டர் வந்தது. அதன் நாற்றமும் நிறமும் தொட்டியில் இருந்ததைவிட மோசம்.

அடிப்பலகையைத் திறந்தபோது

டிரெய்லரின் அடியை மூடியிருந்தது நெளிவுள்ள பிளாஸ்டிக் பலகை. அதைக் கத்தியால் சதுரமாக வெட்டித் திறந்து, பிறகு ஒட்டுப் பட்டையால் மூடுவது சிலரின் வழக்கம். இங்கே ஒரு பக்கத்துத் திருகுகளை மட்டும் கழற்றிப் பலகையை மடித்துத் தொங்கவிட்டார்கள். கூடுதலாக அரை மணி ஆனது. ஆனால் பலகை முழுதாக இருந்தால்தான் குளிரும் எலியும் தொட்டிப் பக்கம் வராது. அடுத்த முறை திறப்பதும் எளிது.

பலகையின் மேல் கிடந்த பஞ்சு உலர்ந்திருந்தது. இது நல்ல செய்தி. வால்வின் உடலில் விரிசல் இல்லை, விளிம்புச் சீல்கள் வெளிப்பக்கம் கசியவில்லை என்று பொருள். கசிவு முழுவதும் பிளேடைத் தாண்டிக் குழாயின் உள்ளே மட்டும் நடந்திருக்கிறது.

கேபிளின் கதை அங்கே வெளிப்பட்டது. வால்வுத் தலையை விட்டு வந்த உடனே இருந்த இறுக்கமான வளைவில் உறை மடிந்து பிளந்திருந்தது. உள்ளே ஈரம் போய்க் கம்பி துருப்பிடித்திருந்தது. இழுத்த பலத்தின் பெரும் பகுதி அந்த வளைவில் உராய்விலேயே கரைந்தது. கடைசி இழுப்பில் வால்வுத் தண்டைப் பிடித்திருந்த சிறு திருகுக்குள்ளிருந்து கம்பி வழுகி வந்துவிட்டது. கேபிள் அறுந்ததாகத் தம்பதி நினைத்திருந்தார்கள். அது அறுபடவே இல்லை.

கழற்றிய வால்வில் கண்டவை

நைட்ரைல் கையுறை இரண்டு அடுக்கு, கண்ணாடி, பழைய நீள்கைச் சட்டை. அடியில் அகலமான தட்டையான தொட்டி. 7/16 அங்குல ஸ்பானரால் கீழ்ப் போல்ட் இரண்டையும் முதலில் சில சுற்றுத் தளர்த்திச் சற்று நேரம் விட்டார். அரைக் குவளை வடிந்து நின்றது. அதன் பிறகே நான்கையும் கழற்றினார். வெளிக் குழாயைத் தாங்கும் பட்டையைத் தளர்த்தியதும் குழாய் ஆறு மில்லிமீட்டர் அளவு விலகிக் கொடுத்தது. வால்வு பக்கவாட்டில் நழுவி வந்தது.

வாளித் தண்ணீரில் அலசிவிட்டு வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் காரணம் முழுவதும் அந்தக் கையளவுப் பொருளில் இருந்தது. பிளேடு உட்கார வேண்டிய கீழ்ப் பள்ளம் கண்ணுக்கே தெரியவில்லை. காகித நாரும் மணலும் சேர்ந்து, அவற்றின் மேல் வெளிர் பழுப்பாகக் கல் போன்ற படிவு இறுகி, பிறை வடிவில் பள்ளத்தை நிரப்பியிருந்தது. நடுவில் அதன் கனம் நான்கு மில்லிமீட்டர். ஓரங்களில் மெலிந்து மறைந்தது. நகத்தால் கீறினால் வரவில்லை. தட்டையான திருப்புளியின் முனையால் குத்தியபோது செதில் செதிலாக உடைந்தது. சிறுநீரில் உள்ள உப்புகளும் கடினத் தண்ணீரின் சுண்ணாம்பும் சேர்ந்து வளரும் படிவு இது. குறைந்த தண்ணீர், நீண்ட தேக்கம் இரண்டும் அதை வேகமாக்கும். பிளேடின் கீழ்விளிம்பில் கீறல்கள் இருந்தன. தொட்டிப் பக்கத்துச் சீலின் உதடு இரண்டு சென்டிமீட்டர் நீளத்துக்கு மடிந்து கிழிந்திருந்தது.

வரிசை இப்போது தெளிவு. பாயும் கழிவின் நடுவே வால்வை மூடியபோது காகிதம் பள்ளத்தில் சிக்கியது. அடுத்த மூடலில் பிளேடு அதை மேலும் அழுத்தியது. பிளேடு நான்கு மில்லிமீட்டர் மேலே நின்றது. கேபிளின் வளைவு அந்த நான்கு மில்லிமீட்டரை விழுங்கியதால் வெளியே கைப்பிடி முழுதாக உள்ளே போனதாகவே தோன்றியது. கசிவு தொடங்கியது. வெளி வால்வு வந்ததும் பள்ளத்தின் இரு பக்கமும் தேங்கிய கழிவு, படிவைக் கல்லாக்கியது.

நவம்பரில் இதைச் சரிசெய்திருக்க முடியுமா? பெரும்பாலும் முடிந்திருக்கும். தொட்டியைக் காலி செய்து, சுத்தத் தண்ணீரை நிரப்பி, பாயும்போது வால்வை ஏழெட்டு முறை முழுதாகத் திறந்து மூடினால் புதிய காகிதத் துணுக்கு அடித்துக்கொண்டு போய்விடும். கல்லான பிறகு அது பலிக்காது.

புது வால்வு

சீல்களை மட்டும் மாற்றுவதா, வால்வையே மாற்றுவதா என்று ஒரு கேள்வி இருந்தது. பிளேடில் கீறல் இருக்கும்போது புதுச் சீலும் விரைவில் கிழியும். வேலை இரண்டுக்கும் ஒன்றே. ஆகவே வால்வு, இரு சீல்கள், துருப்பிடிக்காத எஃகு போல்ட் நான்கு, 72 அங்குலக் கேபிள் எல்லாமே புதிது. சீல்கள் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறுபடும். பார்வைக்கு ஒன்று போலிருந்தாலும் உதட்டின் வடிவம் பொருந்தாது. வால்வோடு வந்த சீலையே போட வேண்டும்.

மின்சார வால்வு போடலாமா என்று தம்பதி கேட்டார்கள். பாலைவனத்தில் மின்கலம் இறங்கிய நாளில் அதைக் கையால் திறக்க மறுபடி அடிப்பலகைக்குள் போக வேண்டியிருக்கும் என்பதால் தவிர்த்தார்கள். அதற்குப் பதில் பயனுள்ள ஒரு மாற்றம் செய்தார் பழுதுபார்ப்பவர். போல்ட் துளைகள் சதுரமாக அமைந்திருந்ததால் வால்வைக் கால் திருப்பம் திருப்பி, பிளேடு கிடைமட்டமாக நகரும்படி வைத்தார். கேபிள் இப்போது நேராகப் புறப்பட்டு, அகலமான ஒரே வளைவோடு சுவரை அடைந்தது. பள்ளமும் குழாயின் அடியில் இருந்து பக்கவாட்டுக்கு வந்துவிட்டது; மணல் அங்கே எளிதில் தங்காது.

பொருத்தும்போது ஒரு தவறு நேர்ந்தது. விளிம்புகளைத் துடைத்து, சீல்களுக்குச் சிலிகான் கிரீஸ் தடவி, விளிம்பில் உட்கார வைத்து, வால்வை இடையில் நுழைத்து இறுக்கினார்கள். பத்து கேலன் தண்ணீர் ஊற்றியதும் விளிம்பின் கீழ்ப்புறம் சொட்டியது. கழற்றிப் பார்த்தால் ஒரு சீலின் கீழ்ப்பகுதி சுருண்டு உள்ளே மடிந்திருந்தது. இந்த வேலையில் மிக அடிக்கடி நடக்கும் தவறு இதுதான். வால்வு நுழையும்போது சீலை இழுத்துக்கொண்டு போகிறது. கீழ்ப்புறம் கண்ணுக்குத் தெரிவதில்லை. இரண்டாம் முறை வெளிக் குழாயை இன்னும் கொஞ்சம் விலக்கி, சுவருக்குப் பட்டி பூசும் அகலமான தகட்டைச் சீலுக்கும் வால்வுக்கும் இடையே வைத்து, அதன் மேல் வால்வை வழுக்கிவிட்டுத் தகட்டை உருவினார். விரலைச் சுற்றிலும் ஓட்டிப் பார்த்த பிறகே போல்ட் போட்டார். குறுக்கு மூலைகளாக, ஒவ்வொன்றும் கால் சுற்று வீதம், பிடிமானம் வரும் வரை மட்டும். அதற்கு மேல் இறுக்கினால் பிளாஸ்டிக் விளிம்பு வெடிக்கும்.

கேபிளைக் கட்டும் வரிசை முக்கியம். முதலில் பிளேடைக் கையால் தள்ளி முழுதாக மூட வேண்டும். கைப்பிடியையும் முழுதாக உள்ளே தள்ள வேண்டும். அதன் பிறகு திருகை இறுக்க வேண்டும். முடிந்ததும் வெளி வாய் வழியே டார்ச் அடித்து, மனைவி கைப்பிடியை இழுக்க, கணவர் பிளேடு எங்கே நிற்கிறது என்று தம் கண்ணாலேயே பார்த்தார். கைப்பிடி சொல்வதை நம்பாமல் இருக்க இந்த ஒரு பார்வை போதும்.

சோதனை

அடிப்பலகையை மூடும் முன் சோதனை. பிளாக் டேங்கில் பத்து கேலன் தண்ணீரும் நீல உணவுச் சாயம் சில சொட்டும். கிரே டேங்கில் பத்து கேலனும் சிவப்புச் சாயமும். இரு வால்வும் மூடி, வெளி வாயில் கண்ணாடி போன்ற தெளிவான இணைப்புத் துண்டு மாட்டி, அதன் முனையில் மூடி. வால்வு விளிம்பைச் சுற்றி உலர்ந்த காகிதத் துண்டு. எது கசிந்தாலும் நிறமே சொல்லிவிடும்.

ஒரு மணி நேரத்தில் எதுவும் இல்லை. மறுநாள் காலை காகிதம் உலர்ந்திருந்தது. தெளிவான துண்டில் நீலம் இல்லை. ஆனால் மெல்லிய சிவப்பு, ஒரு தேக்கரண்டி அளவு. கிரே வால்வும் லேசாகக் கசிந்திருக்கிறது. ஒரு மாதம் திறந்தே கிடந்ததால் அதன் பள்ளத்தில் சோப்புப் படிவும் கழிவும் சேர்ந்திருக்கலாம் என்று கருதி, முதலில் எளிய வழியை முயன்றார்கள். வெந்நீரும் பாத்திரம் கழுவும் சோப்பும் ஊற்றி ஓர் இரவு ஊறவிட்டு, பாயும்போது பத்து முறை திறந்து மூடினார்கள். அடுத்த இரவுச் சோதனையில் சிவப்பு வரவில்லை. அதை மாற்றவில்லை.

கழிப்பறைக் கழிவு ஏறியிருந்த கிரே டேங்கை மூன்று முறை நிரப்பி இறக்கினார்கள். நன்றாக அலசி முடித்த பிறகு மட்டும், நீர்த்த பிளீச்சை ஒரு மணி நேரம் நிறுத்தி மறுபடி அலசினார்கள். குளியலறை நாற்றம் போனது.

அதன் பிறகு

அன்றாடக் கணக்கு மாறியது. சக்கரத் தொட்டி 22 கேலன் என்றால், பிளாக் டேங்க் 20 கேலனைத் தாண்டும் முன் இறக்க வேண்டும். ஒரே மூச்சில் முழுதும் இறங்க வேண்டும். நடுவில் வால்வைத் தொடவே கூடாது. இதில் ஒரு சிக்கல் உண்டு. தொட்டியில் நீர் போதாமல் இறக்கினால் நீர் ஓடிவிடும், கெட்டி தங்கும். சாக்கடை இணைப்புள்ள முகாம்களில் பிளாக் வால்வைத் திறந்தே வைப்பவர்களுக்குக் கழிப்பறைக்கு நேர் கீழே கழிவு கோபுரமாகக் குவிவதும் இதனால்தான். சுமந்து வரும் தண்ணீரைக் கழிப்பறையில் தாராளமாக ஊற்றவும் மனம் வராது. பாத்திரம் அலசிய தண்ணீரைச் சிறு தொட்டியில் பிடித்து, வடிகட்டிக் கழிப்பறையில் ஊற்றத் தொடங்கினார்கள். கழிவு தளர்ந்தது, கிரே டேங்கும் மெதுவாக நிறைந்தது.

மாதம் ஒரு முறை, காலி செய்த தொட்டியில் சிலிகான் அடிப்படையிலான வால்வு மசகை ஊற்றி, வால்வைப் பல முறை நகர்த்துகிறார்கள். சமையல் எண்ணெய் ஊற்றுவது பலரின் பழக்கம். நாளடைவில் அது பிசினாகி மணலைப் பிடிக்கும். பெட்ரோலியம் ஜெல்லி சில ரப்பர் சீல்களை உப்பவைக்கும்.

மாற்ற வேண்டியவை

மூடியைத் திறக்கும்போது விழுவதை அளக்க வேண்டும். அரை லிட்டர்க் குவளை ஒன்று வாய்க்குக் கீழே, எப்போதும். கழிவை இறக்கி, குழாயை வடியவிட்டு, மூடிப் பூட்டி 24 மணி நேரம் கழித்துத் திறந்து பார்த்தால், தங்கிய தண்ணீர் எது, கசிவு எது என்று பிரிந்துவிடும். நிறம் எந்த வால்வு என்று சொல்லிவிடும். நவம்பரில் இதைச் செய்திருந்தால் அரை நாள் வேலை.

திருகி மாட்டும் வெளி வால்வு கெட்ட பொருள் என்று சொல்ல வரவில்லை. பழுதுபார்க்கும் இடம் வரை நிலத்தில் சொட்டாமல் போய்ச் சேர அது நல்ல துணை. ஆனால் அதை மாட்டிய நாளிலேயே உள் வால்வைச் சரிசெய்ய ஒரு தேதி குறிக்க வேண்டும். அது மாட்டியிருக்கும் காலம் முழுவதும் உள் வால்வுகள் இரண்டும் மூடியே இருக்க வேண்டும். இந்தத் தம்பதி அதைக் கழற்றிப் பையில் வைத்துவிட்டு, பழைய மூடியையே மறுபடி மாட்டியிருக்கிறார்கள்.

கைப்பிடி இறுகினால் பலம் போடக் கூடாது. இரண்டு விரலால் இழுக்க வராத வால்வு ஏதோ சொல்கிறது. அன்றே காலி செய்து பார்க்க வேண்டும், ஏனெனில் காலித் தொட்டியின் கீழ் செய்யும் வேலையும் நிறைந்த தொட்டியின் கீழ் செய்யும் வேலையும் ஒன்றல்ல. உறிஞ்சும் லாரிக்குக் கொடுத்த பணமும், ஐந்து நாள் இருட்டில் பொதுக் கழிப்பறைக்கு நடந்த நடையும் அந்த வேறுபாட்டின் விலை.

ஏப்ரல் இரண்டாம் வாரம், வடக்கே கிளம்பும் முன் டம்ப் ஸ்டேஷனில் கடைசியாக மூடியைத் திறந்தார்கள். குவளையில் விழுந்தது இரண்டு தேக்கரண்டித் தண்ணீர். நிறம் இல்லை.